கற்பிக்கச் சென்றோம், கற்று வந்தோம்



வெளிநாடு சென்று திரும்பியவர்கள் தாம் கண்டவற்றை ஊராருக்கு எடுத்துரைப்பது நம்மிடையே நெடுங்காலமாக இருந்துவரும் நல்வழக்கம். அவ்வழக்கத்தை ஒட்டி, இப்பள்ளி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு எங்களைக் கேட்டுக்கொண்டனர். கணவன் மனைவியராகிய நாங்கள் இருவரும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் எழுத்தறிந்தவர்கள். பின்னாளில் ஆங்கில ஆசிரியர்கள் ஆனவர்கள். மெக்சிகோ நாட்டின் கடற்கரை நகரமாகிய வெராக்ரூஸில் ஈராண்டுக் காலம் ஆங்கிலம் கற்பித்தோம். அங்குக் கண்டவை பல. அனைத்தையும் எழுத மலரில் இடம் போதாது. ஆகவே நம் பள்ளிக்கும் நம் வாழ்வுக்கும் நெருக்கமாகத் தோன்றியவற்றை மட்டும் இங்கே கூறுகிறோம்.

ஊரும் கடலும்

மாணவர்களே, உலகப் படத்தை எடுத்து விரித்துப் பாருங்கள். அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குத் தெற்கே மெக்சிகோ இருக்கிறது. அதன் மேற்கே பசிபிக் பெருங்கடல். கிழக்கே மெக்சிகோ வளைகுடா. அவ்வளைகுடாவின் கரையில் அமைந்த பழம்பெரும் துறைமுகமே வெராக்ரூஸ். மலேசியாவில் காலை 8 மணி அடிக்கும்போது அங்கு முந்திய நாள் மாலை 6 மணி. நீங்கள் பள்ளியில் அமர்ந்து பாடம் படிக்கும் வேளையில் அவ்வூர்ப் பிள்ளைகள் இரவு உணவை முடித்துப் பாயலுக்குச் செல்வார்கள்.

ஊரின் பெயருக்கு ‘மெய்யான சிலுவை’ என்பது பொருள். 1519ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று எர்னான் கோர்த்தெஸ் என்னும் ஸ்பானியத் தளபதி அக்கரையில் வந்து இறங்கினான். அதனால் இப்பெயர் வந்தது. அன்றிலிருந்து ஏறத்தாழ 300 ஆண்டுகள் மெக்சிகோ ஸ்பானிய ஆட்சியில் இருந்தது. அந்நாட்டுச் சுரங்கங்களில் வெட்டிய வெள்ளி இத்துறைமுகத்தின் வழியாகவே ஸ்பெயினுக்குக் கப்பலேறியது. ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகளும் இங்கேதான் இறக்கப்பட்டனர். துறைமுகத்தின் வாயிலில் சான் ஹுவான் தெ உலுவா என்னும் கோட்டை நிற்கிறது. 1535ஆம் ஆண்டு கட்டத் தொடங்கிய அக்கோட்டையின் சுவர்கள் கடலிலிருந்து வெட்டி எடுத்த பவளப் பாறையால் ஆனவை. பின்னாளில் அது கொடுஞ்சிறையாகவும் இருந்தது. அதன் இருண்ட அறைகளில் நின்றபோது, சுவரில் கசியும் கடல் நீரைக் கண்டு எங்கள் பேச்சு நின்றுவிட்டது.

மெக்சிகோ 1821இல் விடுதலை பெற்ற பின்னரும் இக்கோட்டையை ஸ்பானியப் படை விட்டுக்கொடுக்கவில்லை. 1825ஆம் ஆண்டில்தான் அது வெளியேறியது. பின்னர் 1838இல் பிரெஞ்சுக்காரர்கள் தாக்கினர். 1847இலும் 1914இலும் அமெரிக்கப் படைகள் வந்திறங்கின. நான்கு முறையும் எதிர்த்து நின்றதால் ‘நான்கு முறை வீரநகர்’ என்னும் பட்டம் இவ்வூருக்கு உண்டு. ஊர் மக்கள் இதனைப் பெருமையோடு சொல்வார்கள்.

வெயிலும் புழுக்கமும் நம் நாட்டைப் போன்றவையே. தென்னையும் மாவும் வாழையும் எங்கும் உண்டு. ஆயினும் அக்டோபர் முதல் ஏறத்தாழ மார்ச் வரை ‘நோர்த்தே’ எனப்படும் வாடைக்காற்று திடீரென்று வீசும். முற்பகலில் வியர்வை வழிய நடந்த தெருவில் பிற்பகலில் மணல் பறக்கும். கடல் சீறிக் கரைச்சுவரின்மேல் ஏறும். கப்பல்கள் துறைக்குள் வர இயலாமல் வெளியே காத்து நிற்கும். அன்று மாணவர்கள் கம்பளிச் சட்டை அணிந்து வகுப்புக்கு வருவார்கள்.

பேசத் தெரிந்தவர்கள் ஊமையான கதை

அந்நாட்டின் பொதுமொழி ஸ்பானியம். புறப்படுவதற்கு முன் நூல்களைக் கொண்டு ஓரளவு படித்துச் சென்றோம். நூலில் இருந்த மொழி ஒன்று. மீன் சந்தையில் கேட்ட மொழி வேறு. வெராக்ரூஸ் மக்கள் சொல்லின் இடையிலும் இறுதியிலும் வரும் ‘ஸ்’ ஒலியை விழுங்கிவிட்டு விரைந்து பேசுவார்கள். பல்லாண்டுகள் வகுப்பறைகளில் ஓயாமல் பேசிப் பழகிய நாங்கள், ஒரு கட்டு மல்லித்தழை வாங்குவதற்குக் கைவிரலை நீட்டிக் காட்ட வேண்டியிருந்தது. மூன்று மாதம் வரை எங்கள் இருவர்க்குள் பேசிக்கொண்ட தமிழே எங்களுக்கு மூச்சாக இருந்தது.

நாங்கள் வாடகைக்குக் குடியிருந்த வீட்டின் உடைமையாளர் வயது முதிர்ந்த அம்மையார். அவரே எங்கள் முதல் ஆசிரியர். அடுப்பங்கரையில் நின்று, கரண்டி, உப்பு, தீ, தண்ணீர் என ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டிப் பெயர் சொல்வார். நாங்கள் திருப்பிச் சொல்லும் வரை விடமாட்டார். எங்களை ‘மிஹா’, ‘மிஹோ’ என்றே அழைப்பார். ‘என் மகளே’, ‘என் மகனே’ என்பது அவற்றின் பொருள். நம் தோட்டங்களில் அடுத்த வீட்டுப் பிள்ளையையும் பெரியவர்கள் ‘வாம்மா’, ‘வாப்பா’ என்று அழைப்பதை நினைத்துக்கொண்டோம்.

அவ்வூர் மக்களின் நன்னடத்தை எங்களைக் கவர்ந்தது. கடைக்குள் நுழைபவர் முதலில் அங்கிருக்கும் அனைவர்க்கும் காலை வணக்கம் கூறுவார். பிறகே வேண்டிய பொருளைக் கேட்பார். உணவுக்கடையில் முன்பின் அறியாதவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், அவரைக் கடந்து செல்பவர் ‘ப்ரோவேச்சோ’ என்று சொல்லிச் செல்வார். உண்ட உணவு உடலில் நன்கு சேரட்டும் என்னும் வாழ்த்து அது. பெரியவர்கள் அழைத்தால் பிள்ளைகள் ‘என்ன?’ என்று கேட்பதில்லை, ‘மாந்தே’ என்பார்கள். ‘கட்டளையிடுங்கள்’ என்பது அதன் பொருள்.

அடுப்பங்கரை கூறும் வரலாறு

கறிக்கு மிளகாய் இல்லாத தமிழ் வீடு உண்டா? அம்மிளகாயின் தாயகங்களுள் முதன்மையானது மெக்சிகோ. 500 ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் மிளகாயைக் கண்டதே இல்லை. போர்த்துகீசியர் கப்பலில் கொண்டுவந்து இந்தியாவில் இறக்கிய பிறகு, மிளகைப் போல் உறைத்த அக்காய்க்கு ‘மிளகாய்’ என்று நம்மவர் பெயரிட்டனர். தக்காளி, மக்காச்சோளம், கொக்கோ, பப்பாளி ஆகியனவும் அப்பகுதியின் கொடைகளே. அதற்கு மாறாக மாம்பழமும் புளியும் நம் கீழ்த்திசையிலிருந்து அங்குச் சென்றவை. 1565 முதல் 1815 வரை பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகருக்கும் மெக்சிகோவின் அக்காப்புல்கோ துறைமுகத்துக்கும் இடையே வணிகக் கப்பல்கள் ஓடின. வெராக்ரூஸில் மிகுதியாக விளையும் ஒருவகை இனிய மாம்பழத்துக்கு இன்றும் ‘மணிலா’ என்றே பெயர். தெருவோரத்தில் பச்சை மாங்காயை அரிந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்கிறார்கள். முதல் நாள் அதனைக் கண்டவுடன் எங்கள் வாயில் நீர் ஊறியது.

அவர்களுக்குச் சோறு போன்றது ‘தோர்த்தியா’ என்னும் மக்காச்சோள ரொட்டி. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, ஊறவைத்து, கழுவி அரைப்பார்கள். ‘சுண்ணாம்பு எதற்கு?’ என்று அம்மையாரைக் கேட்டோம். ‘என் பாட்டி அப்படித்தான் செய்தாள்’ என்றார். அப்பாட்டிமாரின் பழக்கத்தில் பெரிய அறிவு அடங்கியிருக்கிறது. சுண்ணாம்பில் வேகாத சோளத்திலுள்ள ஓர் உயிர்ச்சத்தை நம் உடல் ஏற்க இயலாது. ஐரோப்பியர் சோளத்தை மட்டும் எடுத்துச் சென்றனர். சுண்ணாம்பில் வேகவைக்கும் முறையை விட்டுச் சென்றனர். சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழை மக்கள் பலர் ‘பெல்லாக்ரா’ என்னும் கொடிய நோய்க்கு ஆளாயினர். எழுத்தறியாத முதியோரிடமும் கற்க வேண்டியது உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

நகரத்தின் கடலோரச் சாலையில் 1808ஆம் ஆண்டு முதல் நடந்துவருவதாகப் பெருமை பேசும் காப்பிக்கடை ஒன்று உண்டு. அங்குக் கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் கெட்டிக் காப்பியை ஊற்றி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நாம் கரண்டியால் குவளையை ‘டிங், டிங்’ என்று தட்ட வேண்டும். உடனே பணியாளர் ஒருவர் பெரிய கெண்டியுடன் வந்து, கையை உயர்த்தி, மேலிருந்து சூடான பாலை நுரை பொங்க ஊற்றுவார். ஒரு துளியும் சிந்தாது. நம் ஊர் தே தாரிக் கடையில் நிற்பது போலவே இருக்கும்.

பால் மரத்தின் பழைய உறவு

தோட்டத்துப் பெருமக்களே, இனிக் கூறப்போவது சிறப்பாக உங்களுக்கு உரியது.

வெராக்ரூஸ் மாநிலத்தின் தலைநகராகிய ஹலாப்பாவில் ஒரு புகழ்பெற்ற அரும்பொருட்காட்சியகம் உண்டு. ஆளுயரத்துக்கும் மேற்பட்ட கருங்கல் தலைகள் அங்கு நிற்கின்றன. அவற்றைச் செதுக்கியவர்கள் 3000 ஆண்டுகளுக்கு முன் அக்கடற்கரைச் சமவெளியில் வாழ்ந்த ஒல்மெக் மக்கள். அவர்கள் தம்மை எப்பெயரால் அழைத்துக்கொண்டனரோ, அது மறைந்துவிட்டது. ‘ஒல்மெக்’ என்பது பிற்காலத்து நாவாட்டல் மொழிச்சொல். அதன் பொருள் என்ன தெரியுமா? ‘ரப்பர் நாட்டு மக்கள்’!

ஆம், நம் பாட்டன் பாட்டியர் விடியலில் விளக்கைக் கட்டிக்கொண்டு சீவிய பாலின் கதை அங்கே மிகப் பழையது. அம்மாநிலத்தின் எல் மனாத்தி என்னும் சதுப்பு நிலத்தில் ரப்பர் பந்துகள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றின் வயது ஏறத்தாழ 3600 ஆண்டுகள். அங்குள்ள பால் மரம் வேறு இனம். நம் தோட்டத்து மரம் பிரேசில் நாட்டுக் காட்டு மரத்தின் வழிவந்தது. அம்மரத்தின் விதைகள் 1876இல் இலண்டனுக்குச் சென்றன. அங்கு முளைத்த கன்றுகளே 1877இல் சிங்கப்பூர் வழியாக நம் மண்ணுக்கு வந்தன. ஆனால் மெக்சிகோவின் பழங்குடியினரோ, மரத்துப் பாலுடன் ஒருவகைக் கொடியின் சாற்றைக் கலந்து, துள்ளி எழும் பந்து செய்யும் வித்தையை அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர். ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறையைச் சார்லஸ் குட்இயர் கண்டது 1839இல்தான்.

அக்கருங்கல் தலைகளின் முன் நாங்கள் நெடுநேரம் நின்றோம். எங்கள் அன்னையர் இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். உளியும் வாளியும் அவர்களின் இளமையைத் தின்றன. ‘இது என்ன வேலை, காட்டு வேலை’ என்று அவர்கள் தம் தொழிலைத் தாமே தாழ்த்திப் பேசியதை நாங்கள் கேட்டிருக்கிறோம். அத்தொழிலின் பெயராலேயே ஒரு பழம்பெரும் நாகரிகம் உலகில் அறியப்படுகிறது என்பதை அவர்கள் அறியாமலே மறைந்தனர்.

அவ்வாண்டு நவம்பர் மாதம் இறந்தோர் நாள் வந்தது. நவம்பர் 1, 2 ஆகிய நாள்களில் மறைந்தவர்கள் தம் வீட்டுக்கு வந்து செல்வதாக அங்கு நம்பிக்கை. வீட்டில் மேசை அமைத்து, மறைந்தோரின் படத்தை வைத்து, அவர் விரும்பிய உணவும் தண்ணீரும் உப்பும் படைத்து, சாம்பிராணி போன்ற ஒரு பிசினைப் புகைப்பார்கள். எங்கும் துலுக்கச் சாமந்திப் பூ. அப்பூவும் மெக்சிகோவின் சொந்தப் பூவே. வீட்டு அம்மையார் தம் கணவரின் படத்தை வைத்துவிட்டு எங்களை நோக்கி, ‘மிஹா, உங்கள் பெரியோர் எங்கே? அவர்களுக்கும் இடம் இருக்கிறதே’ என்றார். எங்கள் அன்னையரின் படங்களை எடுத்து வந்து அம்மேசைமேல் வைத்தோம். பால்மரம் வெட்டிய கைகளுக்கு, ரப்பர் நாட்டு மக்களின் மண்ணில் பூவும் சோறும் கிடைத்தன. அன்றிரவு நாங்கள் தமிழில்கூடப் பேசிக்கொள்ளவில்லை.

வகுப்பறையில் தமிழ் செய்த உதவி

இனி எங்கள் பணிக்கு வருவோம். நாங்கள் கற்பித்த இடம் மாலை நேர மொழிப் பயிலகம். விடுதிப் பணியாளர், துறைமுக எழுத்தர், செவிலியர், கல்லூரி மாணவர் எனப் பலரும் பகல் வேலை முடிந்து அங்கு வருவார்கள். எங்களை ‘மயெஸ்த்ரா’, ‘மயெஸ்த்ரோ’ என்று அழைத்தார்கள். ஆசிரியை, ஆசிரியர் என்று பொருள். அன்றாடம் உழைத்துக் களைத்த முகத்தோடு வந்து, ஆங்கிலம் தெரிந்தால் நல்ல ஊதியம் கிடைக்கும் என்னும் நம்பிக்கையோடு அமர்வார்கள்.

நாங்கள் புறப்படும் முன் உறவினர் சிலர், ‘தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களின் ஆங்கிலத்தை அந்நாட்டார் ஏற்பார்களா?’ என்று கேட்டிருந்தனர். அன்பினால் கேட்டதே எனினும் அக்கேள்வி நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தது. அம்முள்ளை எடுத்தவர்கள் எங்கள் மாணவர்களே. எப்படி என்பதைக் கூறுகிறோம்.

முதல் வாரத்தில் ஒரு மாணவர் ‘ஸ்கூல்’ என்பதை ‘எஸ்கூல்’ என்றார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை, மகிழ்ச்சி வந்தது. நம் தோட்டத்துப் பெரியவர்கள் ‘இஸ்கூல்’, ‘இஸ்டோர்’ என்று சொல்வதில்லையா? சொல்லின் முதலில் இரண்டு மெய்யொலிகள் சேர்ந்து வருவதைத் தமிழ் ஏற்காது. ‘ஸ்’ஸோடு வேறு மெய் சேர்வதை ஸ்பானியமும் ஏற்காது. இரு மொழியினரும் முன்னே ஓர் உயிரொலியைத் துணைக்கு அழைக்கிறார்கள். அறியாமை அன்று, தாய்மொழியின் இலக்கணம் அவ்வாறு பேசச் செய்கிறது. அதனை விளக்கியவுடன் மாணவர்களின் கூச்சம் குறைந்தது.

மற்றொரு நாள், ‘இட் இஸ் ரெய்னிங்’ என்று பலகையில் எழுதினோம். ‘அந்த இட் என்பது யார்?’ என்று ஒரு செவிலியர் கேட்டார். நல்ல கேள்வி! ஸ்பானியத்தில் ஒரே வினைச்சொல்லால் மழை பெய்வதைக் கூறிவிடலாம். தமிழிலும் ‘வந்தேன்’ என்றால் போதும். ‘நான்’ என்பதைத் தனியே கூற வேண்டியதில்லை. வினையின் விகுதியே ஆளைக் காட்டிவிடும். ஸ்பானியமும் அவ்வாறே. ஆங்கிலத்தில் விகுதி அவ்வேலையைச் செய்யாததால் எழுவாயைக் கட்டாயம் கூற வேண்டும். இதனை நாங்கள் எளிதில் விளக்க முடிந்ததற்குக் காரணம், எங்கள் ஆங்கிலப் பட்டயம் அன்று. ஆரம்பப் பள்ளியில் எங்கள் தமிழாசிரியர் எழுவாய், பயனிலை, விகுதி என்று பிரித்துக் கற்பித்த இலக்கணம்.

நாங்கள் ஸ்பானியம் கற்றபோதும் தமிழே கைகொடுத்தது. ‘எனக்குக் காப்பி பிடிக்கும்’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘நான் காப்பியை விரும்புகிறேன்’ என்ற அமைப்பில் கூற வேண்டும். ஸ்பானியத்திலோ ‘மே குஸ்தா எல் கஃபே’. ‘எனக்கு’ என்றே அது தொடங்குகிறது! ‘பெரோ’ என்றால் ‘ஆனால்’. ‘பெறோ’ என்றால் ‘நாய்’. இடையின ரகரத்தையும் வல்லின றகரத்தையும் பிரித்து ஒலிக்கக் கற்ற நாவுக்கு அதில் தொல்லை இல்லை. ‘நீ’, ‘நீங்கள்’ என்பன போல் ‘தூ’, ‘உஸ்தெத்’ என இரண்டு சொற்கள் அவர்களுக்கு உண்டு. ‘ஆங்கிலத்தில் பெரியவர்களையும் யூ என்றுதான் அழைக்க வேண்டுமா? அது மரியாதை ஆகுமா?’ என்று ஒரு பெண் கவலையோடு கேட்டார். அக்கவலையை ஆங்கிலேயரைவிட நாம் நன்கு அறிவோம்.

பெயரை மறைத்த மொழி

எங்கள் வகுப்பின் கடைசி வரிசையில் ஓர் இளைஞர் அமர்ந்திருப்பார். விடுதி ஒன்றில் சுமை தூக்கும் பணி. சோங்கோலிக்கா மலைப்பகுதியிலிருந்து பிழைப்புக்காகக் கடற்கரைக்கு வந்தவர். சேர்க்கைப் படிவத்தில் ‘அறிந்த மொழிகள்’ என்னும் இடத்தில் ‘ஸ்பானியம்’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

ஒரு மாலை, ஆங்கிலம் பிற மொழிகளிடமிருந்து பெற்ற சொற்களைப் பற்றிய பாடம். தமிழிலிருந்து சென்ற கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகியவற்றைப் பலகையில் எழுதி, அவை ஆங்கிலத்தில் எவ்வாறு உருமாறின என்று காட்டினோம். பிறகு, ‘உங்கள் மண்ணிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சொற்கள் எவை?’ என்று கேட்டோம். தக்காளி, வெண்ணெய்ப்பழம், மிளகாய் ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களை மாணவர்கள் கூறினர். ‘இவற்றின் மூல ஒலி என்ன?’ என்றோம். வகுப்பு அமைதியாயிற்று. கடைசி வரிசையிலிருந்து மெல்லிய குரல் ஒன்று எழுந்தது: ‘தொமாட்ல். அவாகாட்ல். சீல்லி.’ எல்லாரும் திரும்பிப் பார்த்தனர். அவர் முகம் சிவந்துவிட்டது. ‘என் பாட்டி பேசும் மொழி’ என்றார்.

அம்மொழியே நாவாட்டல். ஸ்பானியர் வருமுன் மெக்சிகோவை ஆண்ட அஸ்தெக்குகளின் மொழி. 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி 16 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசும் மொழி. மெக்சிகோ அரசு 2003இல் இயற்றிய சட்டம், ஸ்பானியத்தோடு பழங்குடி மொழிகள் அனைத்தையும் தேசிய மொழிகள் என்று ஏற்றுக்கொண்டது. அத்தகைய மொழிகள் 68 எனக் கணக்கிட்டிருக்கிறார்கள். மலைப்பகுதிகளில் இருமொழிப் பள்ளிகளும் உண்டு. சட்டம் இருந்தும், ஊர்ப்பேச்சில் பலர் அவற்றை ‘மொழி’ என்று சொல்வதில்லை. ‘கிளைப்பேச்சு’ என்று தாழ்த்தியே கூறுகிறார்கள்.

வகுப்பு முடிந்தபின் அவ்விளைஞர் எங்களோடு கடலோரமாக நடந்து வந்தார். தாம் சிறு வயதில் படித்த பள்ளியில் அம்மொழியைப் பேசியதற்காகத் தலையில் குட்டு வாங்கியதையும், நகரத்துக்கு வந்தபின் அதனை நாவிலிருந்தே துடைத்துவிட முயன்றதையும் கூறினார். தொலைபேசியில் பாட்டி பேசினால், பக்கத்தில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து ஒதுங்கிச் செல்வாராம். பிறகு எங்களைப் பற்றிக் கேட்டார்.

“மயெஸ்த்ரா, உங்கள் மொழியை நீங்கள் எங்கே எழுதப் படித்தீர்கள்? வீட்டிலா?”

“இல்லை தம்பி, பள்ளியில்” என்றோம்.

“வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?”

“மணி நேரக் கணக்கு இல்லை. பள்ளியே தமிழ்ப்பள்ளி. முதலாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை.”

அவர் நடையை நிறுத்திவிட்டார். “கணக்குப் பாடமுமா?”

“நாங்கள் படித்தபோது கணக்கும் தமிழில்தான்.”

“தலைமையாசிரியர்? காவலாளி?”

“எல்லாரும் தமிழ் பேசுகிறவர்களே.”

சற்று நேரம் அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அப்படியானால் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். அவர்களுக்கு அது தெரியுமா?” என்று கேட்டார்.

மாணவச் செல்வங்களே, அக்கேள்விக்கு எங்களால் விடை கூற இயலவில்லை. அது உங்களைக் கேட்ட கேள்வி. நீங்களே விடை கூற வேண்டும்.

அடுத்த பருவத்துக்கான படிவத்தை அவர் நிரப்பித் தந்தபோது பார்த்தோம். ‘அறிந்த மொழிகள்’ என்னும் இடத்தில் மூன்று மொழிகள் இருந்தன. முதலில் நாவாட்டல், அடுத்து ஸ்பானியம், இறுதியில், அடைப்புக்குறிக்குள் ‘கற்றுக்கொண்டிருக்கிறேன்’ என்ற குறிப்போடு, ஆங்கிலம்.

ஒரு பெரியவரின் வரலாறு

முன்னர்க் கூறிய உலுவா கோட்டைச் சிறையில் 1853இல் அடைக்கப்பட்டவர்களுள் ஒருவர் பெனித்தோ ஹுவாரெஸ். 1806இல் ஒரு மலையூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். தாய்மொழி ஸப்போத்தெக் என்னும் பழங்குடி மொழி. இளமையிலேயே பெற்றோரை இழந்து ஆடு மேய்த்தார். பன்னிரண்டு வயதில் நகரத்துக்கு நடந்து வந்தபின்னரே ஸ்பானியம் கற்றார். சட்டம் பயின்றார், சிறை கண்டார், நாடு கடத்தப்பட்டார், முடிவில் மெக்சிகோவின் குடியரசுத் தலைவர் ஆனார். உள்நாட்டுப் போரின்போது அவருடைய அரசு வெராக்ரூஸ் நகரிலிருந்தே இயங்கியது. நாட்டையே மாற்றியமைத்த சீர்திருத்தச் சட்டங்களை 1859இல் அங்கிருந்துதான் வெளியிட்டார். ஒரு காலத்தில் தம்மைச் சிறையில் இட்ட அதே துறைமுகத்தில் ஆட்சியாளராக அமர்ந்தார். ஆடு மேய்த்தபோது அவர் பேசிய மொழி அவருடைய வளர்ச்சியைத் தடுக்கவில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

பெற்றோர்களே! ஆங்கிலம் வேண்டாம் என்று கூற நாங்கள் வரவில்லை. அதனைக் கற்பித்தே நாங்கள் சோறு உண்கிறோம். மலாயும் ஆங்கிலமும் நம் பிள்ளைகளுக்கு இன்றியமையாதவை. ஆனால், ஆங்கிலம் நன்கு வர வேண்டுமானால் தமிழைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று சிலர் எண்ணுகிறார்களே, அந்த எண்ணம் எங்கள் பட்டறிவுக்கு ஒத்துவரவில்லை. தாய்மொழியில் ஒரு வாக்கியத்தை எழுவாய், பயனிலை எனப் பிரித்தறிந்த பிள்ளைக்கு, எந்த மொழியின் வாக்கியத்தையும் பிரித்தறிய வழி தெரியும். தம் பேச்சைக் குறித்து நாணாத பிள்ளை, பிற மொழியைப் பேசவும் நாணாது. வெராக்ரூஸில் எங்கள் மாணவர்களிடம் இதனைக் கண்ணாரக் கண்டோம்.

1816இல் பினாங்கில் ஒரு வகுப்பாகத் தொடங்கிய தமிழ்க் கல்வி இந்நாட்டில் 200 ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. தோட்டத்து மக்கள் தம் வியர்வையோடு கூட்டி வளர்த்த பள்ளிகள் இவை. கூரைக் கொட்டகையிலும் நடந்தன. ஒரே ஆசிரியர் ஆறு வகுப்புகளையும் பார்த்த காலமும் உண்டு. அவற்றை நாம் காலையில் திறக்கும் கதவாகவும் மாலையில் பூட்டும் கதவாகவும் கண்டு பழகிவிட்டோம். உலகின் மறுகோடியில் ஒருவர் அதனை வியந்து கேட்டபோதுதான் அதன் அருமை எங்களுக்கு முழுமையாக விளங்கியது.

ஆகவே மாணவர்களே, நாளை உங்கள் தமிழாசிரியர் இலக்கணப் பாடம் நடத்தும்போது சற்றுக் கூர்ந்து கேளுங்கள். வீட்டில் பாட்டியிடம் பத்துச் சொற்களாவது கேட்டு எழுதி வையுங்கள். பால் மரத்தைப் பற்றியும் பழைய தோட்டத்தைப் பற்றியும் அவரிடம் கேளுங்கள். அவர் சொல்லுக்கு ஓர் ஏடு ஒதுக்குங்கள். உங்களுள் ஒருவர் எந்த நாட்டுக்குச் சென்று எந்த மொழியைக் கற்பிக்கப் போகிறீர்களோ, யார் அறிவார்? அன்று அந்த ஏடு உங்களுக்கு உதவும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!